திபெத் ஏன் தட்டையாகக் கிடக்கிறது, இமயம் ஏன் கூர்கூராக நிற்கிறது

திபெத்தின் சராசரி உயரம் கிட்டத்தட்ட 5,000 மீட்டர். நம்ம தொட்டபெட்டாவின் உயரம் 2,637 மீட்டர்தான். அப்படியிருந்தும் திபெத்தை யாரும் மலை என்று சொல்வதில்லை, பீடபூமி என்றுதான் சொல்கிறோம். அதன் நடுப்பகுதியில் நாள்கணக்கில் வண்டி ஓட்டினாலும் பெரிய ஏற்ற இறக்கம் இல்லாத புல்தரைகளும் உப்பு ஏரிகளும்தான் கண்ணில் படும். அங்கங்கே சில மலைத்தொடர்கள் உண்டு, ஆனால் காலடியிலிருந்து நிமிர்ந்து பார்த்தால் கழுத்து வலிக்கும் அளவுக்கான முகடுகளெல்லாம் அதன் தெற்கு விளிம்பில்தான் வரிசை கட்டி நிற்கின்றன: தௌலகிரி, அன்னபூர்ணா, எவரெஸ்ட், மகாலு, கஞ்சன்ஜங்கா.

இரண்டையும் மேலே தள்ளியது ஒரே மோதல். அப்புறம் ஏன் ஒன்று தட்டையாகவும் இன்னொன்று இப்படிக் கூராகவும் இருக்கிறது? விளிம்பில் மழை கொட்டுகிறது, உள்ளே அவ்வளவாகப் பெய்வதில்லை. சுருக்கமான பதில் இதுதான். நீளமான பதிலில் சில சிக்கல்கள் இருக்கின்றன, அவைதான் இந்தக் கட்டுரை.

முதல் பாதிக் கதை பள்ளிக்கூடத்தில் படித்ததுதான், அதனால் வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ஏறத்தாழ 9 கோடி ஆண்டுகளுக்கு முன்பு மடகாஸ்கரை விட்டுப் பிரிந்த இந்தியத் துண்டு வடக்கே கிளம்பியது. ஒரு கட்டத்தில் ஆண்டுக்கு 15 சென்டிமீட்டருக்கும் மேல் நகர்ந்தது, கண்டத்தட்டுகளின் கணக்கில் இது தலைதெறிக்கிற ஓட்டம். நடுவில் இருந்த தெத்திஸ் கடலின் அடித்தரை கனமான பாறை, அது ஆசியாவுக்குக் கீழே வழுக்கி இறங்கிவிட்டது. சுமார் 5 கோடி ஆண்டுகளுக்கு முன்பு கடல் தீர்ந்துபோய் நிலமும் நிலமும் முட்டியபோதுதான் சிக்கல். கண்டத்தின் பாறை எடை குறைந்தது, எளிதில் கீழே அமுங்காது. ஆகவே அது நசுங்கி, மடிந்து, துண்டு துண்டாக உடைந்து, ஒரு துண்டின்மேல் இன்னொரு துண்டு ஏறி அடுக்காகச் சேர்ந்தது. சாதாரணமாக 35 முதல் 40 கிலோமீட்டர் தடிமன் இருக்க வேண்டிய புவி மேலோடு திபெத்துக்குக் கீழே சுமார் 70 கிலோமீட்டர் இருக்கிறது. மோதல் இன்னும் முடியவில்லை. இந்தியா இப்போதும் ஆண்டுக்கு 4 சென்டிமீட்டர் வாக்கில் வடக்கே தள்ளிக்கொண்டுதான் இருக்கிறது, அதில் ஏறக்குறைய பாதியை இமயமலை வாங்கிக்கொள்கிறது.

கடல் இருந்ததற்குச் சாட்சி எவரெஸ்ட்டின் உச்சியிலேயே இருக்கிறது. அங்கே இருப்பது 45 கோடி ஆண்டுகளுக்கும் பழைய சுண்ணாம்புக்கல், அதற்குள் கடல்வாழ் உயிர்களின் ஓட்டுத் துணுக்குகள். நமக்கு இன்னும் பழக்கமான சாட்சியும் உண்டு. பூஜையறையில் வைக்கும் சாளக்கிராமம் பெரும்பாலும் அம்மோனைட் என்ற கடல் உயிரியின் கல்லாகிப்போன ஓடுதான், உள்ளே தெரியும் சக்கரம் அந்த ஓட்டின் சுருள். நேபாளத்தின் காளி கண்டகி ஆறு அதை மேலே உள்ள கரிய களிப்பாறையிலிருந்து பெயர்த்து உருட்டிக்கொண்டு வருகிறது. 108 திவ்ய தேசங்களில் ஒன்றாகச் சொல்லப்படும் முக்திநாத் அந்தப் பள்ளத்தாக்கில்தான், சுமார் 3,700 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அம்மோனைட் பார்க்க அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை என்பது வேறு விஷயம். அரியலூர்ப் பக்கம் சிமெண்ட் ஆலைகளுக்குச் சுண்ணாம்புக்கல் வெட்டும் சுரங்கங்களில் நிறையக் கிடைத்திருக்கின்றன. இரண்டு இடங்களும் ஒரு காலத்தில் கடல்தான். ஒன்று மோதலுக்கு நடுவில் மாட்டிக்கொண்டு மேகத்துக்கு மேலே போனது, இன்னொன்று ஓரமாக இருந்ததால் நூறு மீட்டர் உயரம்கூட ஏறாமல் அப்படியே இருக்கிறது.

இங்கேதான் பள்ளிக்கூடக் கதை நின்றுவிடுகிறது, கணக்கு இடிக்க ஆரம்பிப்பதும் இங்கேதான். நேபாளத்தின் உயர்ந்த மலைகள் உள்ள பகுதி ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர் எழும்புகிறது என்று நில அளவைகள் காட்டுகின்றன. ஐந்து மில்லிமீட்டர் என்றே வைத்துக்கொள்வோம். பத்து லட்சம் ஆண்டில் ஐந்து கிலோமீட்டர். இரண்டு கோடி ஆண்டில் நூறு கிலோமீட்டர்! எவரெஸ்ட்டின் உயரமோ, 2020-இல் நேபாளமும் சீனாவும் சேர்ந்து அறிவித்த அளவுப்படி, 8,848.86 மீட்டர்தான். வேகம் காலத்துக்குக் காலம் கூடிக் குறைந்திருக்கும் என்று எவ்வளவு தள்ளுபடி கொடுத்தாலும் மிச்சம் கணக்கு எங்கே போனது என்ற கேள்வி நிற்கும். போனது எல்லாம் அரிப்பில்தான். நாம் பார்ப்பது மேலே வந்ததில் தப்பிப் பிழைத்த கொஞ்சத்தை.

இது வெறும் கழித்தல் கணக்கு இல்லை, கல்லையே கேட்கலாம். அபடைட் என்று ஒரு கனிமம், கிரானைட் போன்ற பாறைகளில் பொடிப்பொடியாக இருக்கும். அதற்குள் இருக்கும் யுரேனிய அணுக்கள் அவ்வப்போது தாமாகப் பிளக்கும்போது படிகத்துக்குள் நுண்ணிய கீறல் விழுகிறது. பாறை ஆழத்தில் சுமார் 110 டிகிரிக்கு மேல் சூடாக இருக்கும்வரை அந்தக் கீறல்கள் உடனுக்குடன் ஆறி மறைந்துவிடும், அதைவிடக் குளிர்ந்த பிறகுதான் தங்க ஆரம்பிக்கும். கீறல்களை நுண்ணோக்கியில் எண்ணினால் பாறை அந்த வெப்பத்தைத் தாண்டி எவ்வளவு காலம் ஆயிற்று என்று தெரிந்துவிடும். அந்த வெப்பம் சாதாரணமாக மூன்று, நான்கு கிலோமீட்டர் ஆழத்தில் இருப்பது. இமயத்தின் தெற்கு முகப்பில் பல இடங்களில் கிடைக்கும் வயது பத்து லட்சம் ஆண்டுக்கும் கீழே. அதாவது பத்து லட்சம் ஆண்டுக்கு முன்பு அந்தக் கல்லின் தலைக்குமேல் மூன்று கிலோமீட்டர் கனத்துக்குப் பாறை இருந்தது, இன்று அது இல்லை.

மலை எழும்புவது என்றவுடன் நாளுக்கு நாள் ஒரே சீராக ஏறுவதாகத்தான் மனசில் படம் வரும். நடப்பது அப்படியில்லை. இந்தியா இமயத்துக்குக் கீழே நுழையும் அந்தச் சரிவான பெரிய பிளவு பெரும்பாலான காலம் இறுகிப்போய்ப் பிடித்துக்கொண்டிருக்கும், ஆனால் தள்ளுவது நிற்காது. அந்த இறுக்கம் நூற்றாண்டுக் கணக்கில் சேர்ந்து ஒரு நாள் அறுத்துக்கொள்ளும். 2015 ஏப்ரல் 25 அன்று நேபாளத்தில் நடந்தது அதுதான். ரிக்டர் என்று நாம் பழக்கத்தில் சொல்லும் அளவில் 7.8, ஏறத்தாழ 9,000 உயிர்கள். ஒரு நிமிடத்துக்குள் காத்மாண்டு பள்ளத்தாக்கு கிட்டத்தட்ட ஒரு மீட்டர் மேலே வந்தது. அதே நிமிடத்தில் அதற்கு வடக்கே இருக்கும் உயர்ந்த மலைப்பகுதி அரை மீட்டருக்கு மேல் கீழே இறங்கியது! பெரிய நிலநடுக்கத்தில் பெரிய மலை உயரும் என்று எதிர்பார்ப்போம், நேர்மாறாக ஆயிற்று. இறுகிப் பிடித்திருக்கும் காலத்தில் உயர்மலைகள் மெதுவாக மேலே ஏறுகின்றன, பிளவு அறுத்துக்கொள்ளும்போது கொஞ்சம் இறங்குகின்றன, முன்னால் இருக்கும் தாழ்ந்த பகுதி துள்ளி மேலே வருகிறது. இந்த ஏற்ற இறக்கங்களையெல்லாம் கூட்டிக் கழித்து மிஞ்சுவதுதான் நிரந்தர உயரம்.

அதோடு அந்த ஒரே நிலநடுக்கம் ஏறத்தாழ 25,000 நிலச்சரிவுகளைக் கிளப்பியது. லாங்டாங் கிராமம் அப்படியே மூடிப்போனது. 2008-இல் சீனாவின் வென்சுவான் நிலநடுக்கத்துக்குப் பிறகு ஆராய்ச்சியாளர்கள் வேறொரு கணக்குப் போட்டார்கள்: நிலநடுக்கம் உயர்த்திய பாறை எவ்வளவு, சரித்துவிட்ட பாறை எவ்வளவு என்று. முதலில் வந்த மதிப்பீட்டில் சரிந்தது பல மடங்கு கூடுதலாக இருந்தது, பிறகு வந்ததில் இரண்டும் ஏறக்குறைய சமம். எதை எடுத்துக்கொண்டாலும், மலையைக் கட்டும் சமாசாரமே மலையை இடிக்கவும் செய்கிறது.

சென்னையிலிருந்து வந்த தடயம்

இப்போது மலைக்கு அடியில் இருக்கும் வேர்களைப் பற்றிப் பேச வேண்டும், அதற்குப் பரங்கிமலைக்குப் போக வேண்டும். 1802 ஏப்ரலில் வில்லியம் லாம்ப்டன் என்ற பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி அங்கேதான், மலையடிவாரச் சமவெளியில், சுமார் 12 கிலோமீட்டர் நீளத்துக்குச் சங்கிலி வைத்து ஒரு நேர்கோட்டை அளந்தார். பெரிய முக்கோண நில அளவை என்ற அந்த வேலை அங்கிருந்து முக்கோணம் முக்கோணமாக வடக்கே நகர்ந்து பல பத்தாண்டுகள் கழித்து இமயத்தைத் தொட்டது. லாம்ப்டனுக்குப் பிறகு அதை நடத்தியவர்தான் ஜார்ஜ் எவரெஸ்ட்.

வடக்கே போனதும் ஒரு பிசகு தட்டுப்பட்டது. மத்திய இந்தியாவில் இருக்கும் கல்யாண்பூருக்கும் இமயத்தின் அடிவாரத்தை ஒட்டிய கலியானாவுக்கும் இடையிலான தூரம் சுமார் 600 கிலோமீட்டர். அதை நிலத்தில் முக்கோணங்களால் அளந்தால் ஒரு விடை, நட்சத்திரங்களைப் பார்த்து இரு ஊர்களின் அட்சரேகையை எடுத்துக் கணக்கிட்டால் வேறொரு விடை. வித்தியாசம் ஐந்து வினாடிக் கோணத்தைக் கொஞ்சம் தாண்டியது (ஒரு டிகிரியை 3,600 ஆகப் பிரித்தால் ஒரு பங்கு ஒரு வினாடி), தூரத்தில் சொன்னால் ஏறத்தாழ 160 மீட்டர். நட்சத்திரத்தைப் பார்க்கும் கருவியை நேராக நிறுத்துவதற்குக் கொத்தனார் வைத்திருப்பதைப் போன்ற தூக்குக்குண்டுதான் ஆதாரம். இமயமலை தன் ஈர்ப்பால் அந்தக் குண்டைத் துளி தன் பக்கம் இழுத்தால் 'நேர்' என்பதே கோணலாகிவிடும்.

கல்கத்தாவில் பாதிரியாராக இருந்த ஜான் பிராட் உட்கார்ந்து கணக்குப் போட்டார். அவ்வளவு பெரிய மலை எவ்வளவு இழுக்க வேண்டும்? பதினைந்து வினாடிக்கு மேல் என்று வந்தது. ஆக, குண்டு ஏன் விலகியது என்பதைவிட, ஏன் மூன்றில் ஒரு பங்குதான் விலகியது என்பது பெரிய கேள்வியாகிவிட்டது. மலை இருக்கிறது, கண்ணுக்குத் தெரிகிறது, ஆனால் அதன் எடையில் மூன்றில் இரண்டு பங்கைக் காணோம்! 1855-இல் இங்கிலாந்தின் வானியலாளர் ஜார்ஜ் ஏரி (Airy) விளக்கம் கொடுத்தார். மலைக்குக் கீழே, கனமான பாறை இருக்க வேண்டிய ஆழத்தில், எடை குறைந்த மேலோடு வேர்போல இறங்கியிருக்கிறது, மேலே இருக்கும் கூடுதல் எடையைக் கீழே உள்ள குறைவு ஈடுகட்டிவிடுகிறது என்றார். பிராட் வேறு மாதிரி விளக்கினார், மலைக்கு அடியில் உள்ள பாறையின் அடர்த்தியே குறைவு என்று. இமயத்துக்கும் திபெத்துக்கும் பெருமளவு பொருந்துவது ஏரி சொன்னது. நான் மேலே சொன்ன 70 கிலோமீட்டர் மேலோடு அந்த வேர்தான்.

வேர் இருக்கிறது என்றால் மலை மிதக்கிறது என்று அர்த்தம். மூட்டை ஏற்றிய தோணியை நினைத்துக்கொள்ளுங்கள். கரையில் நின்று மூட்டைகளை ஒவ்வொன்றாக இறக்க இறக்க, தோணி தண்ணீரிலிருந்து மேலே எழும்பும். பாறையிலும் அதேதான், நேரம் மட்டும்தான் ஆயிரக்கணக்கான ஆண்டுகள். மேலோட்டுப் பாறையின் அடர்த்தி தண்ணீரைப்போல சுமார் 2.75 மடங்கு, அதற்குக் கீழே உள்ள மேன்டில் பாறையின் அடர்த்தி 3.3 மடங்கு. ஆகவே ஓரிடத்தில் 1,000 மீட்டர் கனத்துக்குப் பாறையை அரித்து எடுத்தால், அடியிலிருந்து சுமார் 830 மீட்டர் எழும்பிவிடும். நிகரமாகக் குறைவது 170 மீட்டர்தான். மலைகளை அரித்துத் தீர்ப்பது ஏன் இவ்வளவு காலம் பிடிக்கும் வேலை என்பதற்கு இதுவே பதில்.

ஆனால் இந்தக் கணக்கில் இன்னொரு விஷயம் ஒளிந்திருக்கிறது, எனக்கு இந்த முழுப் பாடத்திலும் பிடித்த இடம் அதுதான். ஆறு பாறையைச் சமமாகச் சீவுவதில்லை. பள்ளத்தாக்கில் மட்டும் வெட்டுகிறது, முகட்டை அவ்வளவாகத் தொடுவதில்லை. ஒரு வட்டாரத்தில் சராசரியாக 1,000 மீட்டர் கனத்துக்குப் பாறை போய்விட்டது, போனது முழுக்கப் பள்ளத்தாக்குகளிலிருந்துதான் என்று வையுங்கள். எடை குறைந்ததற்கு ஈடாக எழும்பும் 830 மீட்டர் பள்ளத்தாக்குக்கு மட்டும் கிடைக்காது, முகட்டுக்கும் சேர்த்துத்தான். ஆக, முகடு அரிப்பதற்கு முன்பு இருந்ததைவிட 830 மீட்டர் உயரமாகிவிடும், சராசரி உயரம் குறைந்துகொண்டிருக்கும்போதே! மேலோடு கொஞ்சம் விறைப்பானது, ஒரு பள்ளத்தாக்குக்கு மட்டும் தனியாக எழும்பாது, நூறு கிலோமீட்டர் சுற்றளவுக்குப் பரவலாகத்தான் எழும்பும். அதனால் உண்மையான மலையில் இந்த எண் சுருங்கும், ஆனால் திசை மாறாது.

இதை இமயத்தில் முதலில் யோசித்தவர்களில் ஒருவர் லாரன்ஸ் வேகர். 1933 எவரெஸ்ட் பயணத்தில் 8,500 மீட்டருக்கு மேல் ஏறிய ஆள், தொழிலால் புவியியலாளர். எவரெஸ்ட்டுக்கு வடக்கே திபெத்தில் புறப்பட்டு, மலைத்தொடரின் பின்பக்கமாகவே கிழக்கே ஓடி, பிறகு திடீரென்று தெற்கே திரும்பி மகாலுவுக்கும் கஞ்சன்ஜங்காவுக்கும் நடுவே தொடரையே அறுத்துக்கொண்டு நேபாளத்துக்குள் இறங்கும் அருண் ஆற்றைப் பார்த்தார். ஆறு இவ்வளவு ஆழமாக வெட்டி எடுத்த எடைக்கு ஈடாகத்தான் இரு பக்க முகடுகளும் கூடுதலாக எழும்பியிருக்கும் என்று 1930-களிலேயே எழுதினார். 1990-இல் பீட்டர் மோல்னார், பிலிப் இங்கிலாந்து என்ற இரண்டு ஆய்வாளர்கள் இதைப் பொதுவான வாதமாக்கி, உலகம் முழுக்க மலைகள் அண்மைக் காலத்தில் உயர்ந்ததற்கான அடையாளங்கள் என்று சொல்லப்படுபவற்றில் பல, குளிரும் பனியும் கூடி அரிப்பு வேகமானதால் வந்தவையாக இருக்கலாம் என்றார்கள். 2024-இல் வந்த ஓர் ஆய்வு மறுபடியும் அருண் ஆற்றுக்கே திரும்பியது. சுமார் 89,000 ஆண்டுகளுக்கு முன்பு அருண் வேறோர் ஆற்றைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டது, கூடிய தண்ணீர் பள்ளத்தாக்கை வேகமாக வெட்டியது, அதனால் எவரெஸ்ட் 15 முதல் 50 மீட்டர் வரை கூடுதல் உயரம் பெற்றிருக்கலாம் என்பது அவர்கள் மாதிரிக் கணக்கு. 8,848-இல் ஐம்பது மீட்டர் பெரிய பங்கு இல்லைதான். மீதியெல்லாம் மோதல் தந்தது.

யார் வெட்டுகிறார்கள்

பொக்ராவுக்குப் பக்கத்தில் லும்லே என்ற ஊரில் ஆண்டுக்கு 5,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை. நேர்க்கோட்டில் அறுபது கிலோமீட்டர்கூட இல்லாத தூரத்தில், அன்னபூர்ணாவுக்குப் பின்பக்கம், ஜோம்சோமில் 300 மில்லிமீட்டர்கூடத் தேறாது. மேகம் மலையில் முட்டி முன்பக்கமே எல்லாவற்றையும் கொட்டிவிடுகிறது. திபெத்தின் உட்பகுதியில் பெய்கிற கொஞ்ச மழையும் பல இடங்களில் கடலுக்குப் போவதில்லை, உப்பு ஏரிகளில் நின்றுவிடுகிறது. வண்டலை வெளியே கொண்டுபோக ஆறு இல்லாத இடத்தில் மேட்டிலிருந்து அரிபட்ட மண் பள்ளத்தில்தான் விழும், மேடு குறையும், பள்ளம் நிரம்பும், எல்லாம் சமமாகும். தட்டையாக இருப்பதற்கு இதுவும் காரணம்.

ஆறு வெட்டுவது தண்ணீரால் என்பதைவிடக் கல்லால் என்பது சரி. நேபாளத்தில் திரிசூலி ஆற்றங்கரையோரம் நிலநடுக்கத்தைப் பதிவு செய்ய வைத்த கருவிகளில் மழைக்காலம் வந்ததும் பின்னணி இரைச்சல் எக்கச்சக்கமாகக் கூடியது. என்னவென்று பார்த்தால், ஆற்றின் அடியில் பாறாங்கற்கள் உருண்டு மோதும் அதிர்வு. ஜூன் முதல் செப்டம்பர் வரை அந்த ஆறுகள் தங்கள் படுக்கையை அடித்தே குடைகின்றன.

ஆனால் ஆறு தொடுவது அந்த ஒடுங்கிய அடித்தளத்தை மட்டும்தான். பள்ளத்தாக்கின் சுவர்களை இடித்துத் தள்ளுவது நிலச்சரிவு. ஆறு அடியைக் குடையக் குடையச் சரிவு செங்குத்தாகிக்கொண்டே போகும், பாறை தாங்கக்கூடிய கோணம் ஒன்று உண்டு, முப்பது டிகிரியைக் கொஞ்சம் தாண்டி. அந்த எல்லையைத் தொட்டபிறகு ஆறு ஒரு மீட்டர் இறங்கினால் மேலே உள்ள சரிவு முழுக்க அதற்குத் தக்கபடி சரிந்தே தீரும். மழையும் நடுக்கமும் நாளைக் குறிக்கின்றன, அவ்வளவுதான். மலைச்சாலைக்காகச் சரிவின் அடியை வெட்டும் பொறியாளர் செய்வதும் ஆற்றின் வேலையைத்தான், நூறு மடங்கு வேகத்தில்.

முகடுகளை யார் இடிக்கிறார்கள்? அவ்வளவு உயரத்தில் தண்ணீர் ஓடாது. பனியாறு அடிவாரத்தைச் சுரண்டும், பாறை விரிசலில் உறையும் நீர் ஆப்புபோல் பிளக்கும். உறைந்த பாறை ஒட்டிக்கொண்டு செங்குத்தாகவே நிற்கும் என்பதால் முகடு கூராகிக்கொண்டே போகும். பிறகு ஒரே அடியாக விழும். 2023-இல் வெளியான ஓர் ஆய்வின்படி, கி.பி. 1190 வாக்கில் அன்னபூர்ணா 4-இன் தலைப்பகுதி அப்படித்தான் இடிந்து விழுந்தது. 23 கன கிலோமீட்டர் பாறை! அதற்கு முன்பு அது 8,000 மீட்டரைத் தாண்டிய சிகரமாக இருந்திருக்கக்கூடும், இப்போது 7,525. இடிந்த தூளை ஆறு அள்ளிக்கொண்டு போய்ப் பொக்ரா பள்ளத்தாக்கில் கொட்டியது, இன்றைய பொக்ரா நகரம் உட்கார்ந்திருப்பது பெருமளவு அத்தகைய சரளைக் குவியல்மேல்தான். நம் சோழர் காலத்து நிகழ்ச்சி இது, புவியியல் கணக்கில் நேற்று.

சிறிய அளவில் 2021 பிப்ரவரி 7 அன்று உத்தராகண்டின் சமோலியில் பார்த்தோம். ரோந்தி சிகரத்திலிருந்து பாறையும் பனியுமாக ஏறத்தாழ 2.7 கோடி கன மீட்டர் பெயர்ந்து, 1,800 மீட்டர் கீழே விழுந்து, பனி உரசலில் உருகிச் சேறாகி, இரண்டு நீர்மின் திட்டங்களை அடித்துக்கொண்டு போனது. இருநூறு பேருக்கு மேல் இறந்தார்கள் அல்லது காணாமல் போனார்கள். அன்னபூர்ணா 4 விழுந்ததோடு ஒப்பிட்டால் இது ஆயிரத்தில் ஒரு பங்கைச் சற்றே தாண்டும்.

அரித்த மண் எங்கே? ஒரு பங்கு மலையடியிலேயே தங்கிச் சிவாலிக் குன்றுகளானது. இமயத்தின் இடிபாடுதான் சிவாலிக், மோதல் தெற்கே நகர நகர அந்தக் குப்பையையும் மடித்துத் தூக்கிவிட்டது. இன்னொரு பங்கு கங்கைச் சமவெளி. கோசி ஆறு தன் வண்டலைத் தானே தாண்ட முடியாமல் இருநூறு ஆண்டுகளுக்கு மேலாகப் படிப்படியாக நூறு கிலோமீட்டருக்கு மேல் மேற்கே நகர்ந்துபோனது அதனால்தான். மிச்சம் கடலுக்கு. கங்கையும் பிரம்மபுத்திராவும் சேர்ந்து ஆண்டுக்கு நூறு கோடி டன் அளவில் வண்டல் கொண்டுவருகின்றன. வங்காள விரிகுடாவின் அடியில் அது சுமார் 3,000 கிலோமீட்டர் நீளத்துக்கு, பூமத்தியரேகையையும் தாண்டி, விசிறிபோல் விரிந்து கிடக்கிறது, வடக்கே சில இடங்களில் படிவுகளின் கனம் 16 கிலோமீட்டருக்கும் மேல். 2015-இல் இலங்கைக்கு நேர் கிழக்கே நடுக்கடலில் துளையிட்டு ஆய்வாளர்கள் எடுத்த மணல் இமயமலையின் மணல். எவரெஸ்ட்டைப்போல ஏறக்குறைய இரு மடங்கு கனத்துக்குக் கடலடியில் கிடக்கிறது மலை.

சரி, மழைதான் இமயத்தைச் செதுக்கியது என்று முடித்துவிடலாமா? அங்கேதான் சண்டை. வேகத்தைத் தீர்மானிப்பது அரிப்பு என்பது ஒரு கட்சி, அடியில் தள்ளும் கண்டத்தட்டு என்பது மறு கட்சி. பாகிஸ்தான் பக்கம் நங்கா பர்பத்தை எடுத்துக்கொண்டால் அரிப்பு கட்சிக்கு நல்ல சாட்சி கிடைக்கும். சிந்து நதிக்கும் உச்சிக்கும் இடையே இருபத்தைந்து கிலோமீட்டர் தூரத்துக்குள் ஏறத்தாழ 7,000 மீட்டர் உயர வித்தியாசம், அங்கே கிடைக்கும் சில கிரானைட்டின் வயது பத்து லட்சம் ஆண்டுகள் சுற்றித்தான். பூமிக்கு அடியில் பாறை உருகி இறுகி மேலே வந்து வெளியே தெரிய அவ்வளவு காலம் போதுமாக இருந்திருக்கிறது. நதி வேகமாக வெட்டியதால் அந்த இடத்தில் மேலோடு பலவீனமாகி, அடியில் இருந்த சூடான மென்மையான பாறை அந்தப் பக்கமே பிதுங்கி வருகிறது என்கிறார்கள். மறு கட்சியின் சாட்சி நேபாளத்தின் மர்ச்யாங்டி பள்ளத்தாக்கு. 2003-இல் அங்கே முன்சொன்ன அபடைட் வயதுகளை எடுத்துப் பார்த்தார்கள். மழை இடத்துக்கு இடம் ஐந்து மடங்கு மாறுகிறது, அரிப்பின் வேகமோ பெரிதாக மாறவில்லை. மழை குறைந்த இடத்தில் பனியாறும் செங்குத்தும் அந்த வேலையைச் செய்துவிடுகின்றன, பாறை எவ்வளவு வேகத்தில் மேலே வருகிறதோ அவ்வளவு வேகத்தில்தான் அரிபடுகிறது, ஆக வேகத்தைத் தீர்மானிப்பது தட்டுதான் என்பது அவர்கள் வாதம்.

எனக்கு இரண்டாவது வாதம் கொஞ்சம் கனமாகப் படுகிறது, குறைந்தபட்சம் இமயத்தின் நடுப்பகுதிக்கு. அடியில் தள்ளுகிற தட்டு நின்றுவிட்டால் எவ்வளவு மழை பெய்தாலும் எடை குறைந்து எழும்புவது ஒரு காலத்தில் தீர்ந்துபோகும். ஆனால் மலையின் வடிவம், எங்கே முகடு, எங்கே பள்ளம், எவ்வளவு கூர் என்பது மழையும் ஆறும் பனியும் எடுக்கும் முடிவு. மழை எங்கே விழும் என்பதையோ மலையே முடிவு செய்கிறது, அதனால் இரண்டையும் முழுக்கப் பிரிக்க முடியாது. உயரத்துக்கும் ஓர் எல்லை இருக்கிறது: திபெத் தன் எடையையே தாங்க முடியாமல் கிழக்கு மேற்காக விரிந்துகொண்டிருக்கிறது. முக்திநாத் இருக்கும் முஸ்டாங் பள்ளம் அப்படி விரிந்து இறங்கிய ஒரு பிளவுப் பள்ளம்தான்.

மேற்குத் தொடர்ச்சி மலையைச் சொல்லாமல் விட்டால் தமிழ் வாசகர் விடமாட்டார். அங்கே மோதல் எதுவும் நடக்கவில்லை. நிலம் பிளந்து மடகாஸ்கர் விலகியபோது உண்டான விளிம்புதான் அதன் தொடக்கம், பிறகு அரிப்பு அந்த விளிம்பைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டு வந்திருக்கிறது. நீலகிரியின் பாறை சுமார் 250 கோடி ஆண்டுப் பழசு, மலை என்ற வடிவம்தான் புதிது. மேட்டுப்பாளையத்திலிருந்து பர்லியாறு வழியாகக் கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும்போது செங்குத்துச் சுவர், குன்னூர் தாண்டி ஊட்டிக்குப் போனால் மெல்ல ஏறி இறங்கும் மேட்டுநிலம். திபெத்துக்கும் அதன் விளிம்புக்கும் உள்ள அதே வேறுபாடு, சின்ன அளவில்: ஆறுகள் விளிம்பைக் குடைந்துகொண்டு உள்ளே வருகின்றன, மேலே உள்ள மேட்டை இன்னும் முழுக்க எட்டவில்லை. வேகம்தான் அடியோடு வேறு. இமயத்தில் பத்து லட்சம் ஆண்டில் கிலோமீட்டர் கணக்கில் போவது இங்கே பொதுவாகச் சில பத்து மீட்டர்தான் போகிறது. ஆனால் அது நீண்ட காலச் சராசரி. 2024 ஜூலை 30 அதிகாலையில் வயநாட்டின் முண்டக்கையிலும் சூரல்மலையிலும் விழுந்த சரிவைப்போல, பல நூற்றாண்டுக்கான பங்கு சில மணி நேரத்தில் மொத்தமாக வந்துவிடுவதும் அந்தச் சராசரிக்குள் அடங்கியதுதான்.